ஒரு துண்டு குடலுக்காக ஒன்பது நாள்

சென்னை விமான நிலையத்தில், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்ட அதிகாரியிடம் "குடலுக்காக" என்று சொல்லியிருக்கக் கூடாது. பினாங்கில் கிளம்பியதிலிருந்து கண் மூடாத மூளை அதைத்தான் எடுத்துக் கொடுத்தது.

"ட்ரீட்மென்டா?"

"இல்ல சார், ட்ரெய்னிங். குடல்ல வர்ற தழும்பு பத்தி லேப்ல ஆராய்ச்சி."

"குடல்ல கூட தழும்பு வருமா?"

"வரும் சார். வந்தா லேசுல போகாது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு காலைல எழுந்தா இங்கேர்ந்து இங்க வரைக்கும் எரியுதுமா. அது இன்னாவா இருக்கும்?"

பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். நான் டாக்டர் இல்லை என்றதும் ஏமாற்றத்தோடு முத்திரையைக் குத்தினார். அடுத்த ஒன்பது நாளில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்த எல்லோரும் தங்கள் வயிற்றைப் பற்றி என்னிடம் பேசினார்கள். விடுதி வாட்ச்மேன் மட்டும் பேசவில்லை. அவர் விழித்து நான் பார்த்ததில்லை.

பெயர் தர்ஷினி, வயது இருபத்து நாலு. மலேசியாவில், பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி உதவியாளர். குரோன்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. குடல் வருஷக்கணக்கில் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். கடைசியில் சுவர் முழுக்கத் தழும்பு ஏறித் தடித்து, இறுகி, சாப்பாடு போகிற வழியே அடைத்துக்கொள்ளும். புண்ணுக்கு மருந்து இருக்கிறது. ஏறிவிட்ட தழும்பை இறக்க உருப்படியான மருந்து இன்னும் இல்லை. பலூன் விட்டு விரிப்பார்கள், முடியாவிட்டால் வெட்டித் தைப்பார்கள். தைத்த இடத்திலேயே மறுபடி வரலாம்.

எங்கள் பாஸ் ஒரு மருந்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். தட்டில் வளர்த்த செல்லில் வேலை செய்கிறது. எலியில் வேலை செய்கிறது. எலிக்கு எல்லாமே வேலை செய்யும், நான் பாடினால் கூடக் குணமாகும். மனிதக் குடலில், அதுவும் உயிரோடு இருக்கிற குடலில் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான வித்தை பெருங்குடியில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறது. ஆபரேஷனில் வெட்டி எடுத்த துண்டைப் பனிக்குளிரில் கொண்டுவந்து, மெலிசாகச் சீவி, சத்து நீரில் போட்டு, ஆக்சிஜன் கொடுத்து, மூன்று நாள் உயிரோடு வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொள், ஒரே ஒரு நோயாளியின் குடலிலாவது நம் மருந்தைப் போட்டுவிட்டு வா, இல்லாவிட்டால் வராதே என்று அனுப்பினார்கள். கடைசி வாக்கியத்தை பாஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சொன்னார்.

வியாழக்கிழமை காலை எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஸ்ரீவத்ஸன். மயிலாப்பூர்க்காரர், பிஎச்டி ஐந்தாம் வருஷம், முகத்தில் ஐந்து வருஷமும் தெரிந்தது.

"வெட்டி எடுத்ததுலேந்து ஒரு மணி நேரம். மிஞ்சிப் போனா ரெண்டு. அதுக்கு மேல ஆச்சுன்னா அது குடல் இல்ல, செருப்பு."

மனிதக் குடல் தினமும் கிடைக்காது. பழகுவதற்கு ஆட்டுக்குடல், கறிக்கடைப் பேச்சில் போட்டி. அதை வாரா வாரம் வாங்கி வருவது, முட்டை கூடத் தொடாத வத்ஸன். கறிக்கடைக்காரர் அவரைத் தன் தலைசிறந்த வாடிக்கையாளராக நினைத்து, "அய்யிரே, இன்னிக்கு போட்டி சூப்பரா கீது, மிளகு தூக்கலா போட்டு வறு" என்று சமையல் குறிப்போடு கட்டிக் கொடுக்கிறாராம்.

"வீட்ல தெரியுமா?" என்றேன்.

"ஆத்துல தெரிஞ்சா என்னையே ஸ்லைஸ் போட்டுடுவா."

மத்தியானம் ஐ.டி. கூட்டத்தோடு வரிசையில் நின்று சாம்பார் சாதம் சாப்பிட்டோம். பினாங்கில் சாம்பார் ஒரு குழம்பு. இங்கே அது தண்ணீர் மாதிரி, கேட்காமலே ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். காற்று திரும்பியதும் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வாடை வந்தது. நான் ஒருத்திதான் மூக்கைப் பிடித்தேன், மற்றவர்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமையே முதல் வாய்ப்பு வந்தது. அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில் வயிற்று அறுவை வார்டு. அங்கே வராந்தாவில் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் நல்லா இருக்கீங்களா என்று கேட்பதில்லை. "காத்து போச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். குடலை வெட்டித் தைத்தால் அது சில நாள் மயங்கிக் கிடக்கும். காற்று பிரிந்தால்தான் விழித்துக்கொண்டது என்று அர்த்தம், அப்புறம்தான் ஒழுங்காகச் சாப்பாடு. பினாங்கிலும் இதைக் கேட்பார்கள், ஆனால் நர்ஸ் காதோடு கேட்பார். இங்கே லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு மாமா, "எங்க மச்சானுக்கு நேத்தே போயிடுச்சு, உங்களுக்கு?" என்று எதிர் வார்டை விசாரிக்கிறார். எதிர் வார்டு சோகமாகத் தலையாட்டுகிறது.

ஒன்றே முக்காலுக்கு என் துண்டு வந்தது. பாத்தாலஜிக்காரர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தை எங்கள் குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டு, மூடி, பெயர் எழுதி, தியேட்டர் வாசல் மேஜையில் வைத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை. கீழே கேன்டீனில் சாம்பார் வடை இருந்தது. அவ்வளவுதான் என் வாக்குமூலம்.

வடை பிரமாதம். மேலே வந்தால் மேஜையில் பாட்டில் இல்லை. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறி, ஸ்டெல்லா என்ற சிஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், இங்க ஒரு பாட்டில்..."

"உன்னோடதா? நல்ல வேளை நான் பார்த்தேன். யாரோ கிறுக்கு வெறும் தண்ணியில போட்டு வச்சிட்டுப் போயிருக்கு. அழுகிப் போயிருக்கும்மா. நான்தான் உடனே ஃபார்மலின்ல மாத்தி வச்சேன்."

ஃபார்மலினில் போட்டால் திசு கெடாது. ஏனென்றால் அந்த நிமிஷமே செத்துவிடும். தியேட்டரை விட்டு வெளியே போகும் எந்தத் துண்டும் ஃபார்மலினில்தான் போக வேண்டும், முப்பது வருஷமாக அவர் கைக்கு அதுதான் தெரியும். அவர் சரியாகத்தான் செய்தார். நான்தான் வடை சாப்பிடப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் தொங்கிவிட்டது.

"கிறுக்குன்னு சொன்னது உன்னையா?"

"ஆமா சிஸ்டர். கரெக்டாதான் சொன்னீங்க."

சனிக்கிழமை அழாமல் இருக்க வத்ஸன் என்னை மயிலாப்பூருக்குக் கூட்டிப் போனார். அவர் அம்மா கொடுத்த காப்பி, பினாங்கில் நான் இத்தனை நாள் குடித்தது என்ன என்ற கேள்வியைக் கிளப்பியது.

"இவன் அங்க அப்படி என்னதான் பண்றான்? கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறான்" என்றார் மாமி.

"குடலை..." என்று ஆரம்பித்தேன். மேஜைக்கடியில் என் காலில் ஒரு மிதி விழுந்தது.

"செல்லும்மா, செல்லு. மைக்ராஸ்கோப்ல பாத்துண்டு இருக்கேன்" என்றார் வத்ஸன்.

"அஞ்சு வருஷமாவா?"

திரும்பும்போது ஃபார்மலின் துண்டை இன்னும் தூக்கிப் போடவில்லை என்று வத்ஸன் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். சும்மா இருக்கட்டும் என்றார்.

அடுத்த நோயாளியின் ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை. பஷீர் பாய், தி.நகரில் பட்டன், ஜிப், லேஸ், எலாஸ்டிக் கடை. அவருடைய குடல் வேண்டுமென்றால் அவர் சம்மதம் வேண்டும். ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்கலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டு வர முடியாது, நீங்களே வாருங்கள் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தி.நகர் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நடக்கவே தேவையில்லை, கூட்டமே என்னையும் வத்ஸனையும் தூக்கிக்கொண்டு போய்க் கடை வாசலில் வைத்தது.

பத்தடிக்கு எட்டடிக் கடை. கூரை வரைக்கும் எலாஸ்டிக் உருளைகள். கல்லாவில் அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா. பாய் ஒல்லியாக, சட்டைக்குள் இன்னொருவருக்கு இடம் விட்டு நின்றார். இது அவருக்கு மூன்றாவது ஆபரேஷன். நான் படிவத்தை எடுத்து, "தங்களது குடல் திசு மாதிரி ஆய்வு நோக்கங்களுக்காகப் பயன்படுத்தப்படுவதற்கு..." என்று வாசித்தேன்.

"நிறுத்துமா" என்றார் பாய். "இத யாருக்கு எழுதிக்கீறாங்க?"

"உங்களுக்குத்தான் பாய்."

"எனக்குன்னா எனக்குப் புரியணும்ல? நீ வாயால சொல்லு."

சொன்னேன். நடுவில் ரெண்டு பேர் ஹூக் வாங்கிக்கொண்டு போனார்கள். பாய் தலையாட்டிக்கொண்டே ரெண்டு எலாஸ்டிக் துண்டை எடுத்தார். ஒன்று புதுசு, வெள்ளை. இன்னொன்று பழுப்பு.

"இத இழு. வருதா? வுட்டா போவுதா? இது பத்து வருசம் ஷோ கேஸ்ல வெயில்ல கெடந்தது. இப்ப இத இழு."

இழுத்தேன். அசையவில்லை. பட்டை மாதிரி விறைத்திருந்தது.

"என் வயித்துல கீறது இதானே?"

எங்கள் பாஸ் அரை மணி நேரம் படம் போட்டுக் காட்டுவது இதைத்தான். "இதேதான் பாய்."

"கடைக்காரன் நான் சொல்றேன், இத ஒண்ணியும் பண்ண முடியாது. வெட்டிட்டு வேற வச்சித் தைக்கணும். உன் மருந்து இத திரும்ப எலாஸ்டிக் ஆக்கும்ன்றியா?"

"தெரியல பாய். தெரிஞ்சுக்கத்தான் கேக்கறோம்."

நூர்ஜஹான் அக்கா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப இவருக்கு நாலாவது ஆபரேஷன் வராதா?"

இதற்குச் சுற்றி வளைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். வத்ஸன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படி சொல்ல முடியாதுக்கா. இந்தத் துண்டால பாய்க்கு ஒன்னும் கிடைக்காது. மருந்து வேலை செஞ்சா, பின்னாடி வர்றவங்களுக்கு. அதுவும் ரொம்ப வருஷம் கழிச்சு."

வாசலில் ஒருவர் கூடையில் கொய்யா விற்றுக்கொண்டிருந்தார். பாய் அந்தக் கூடையைப் பார்த்தார். "மூணு வருசமா இத தொடல. கொட்டை போய் அடைச்சிக்கும்னு. டெய்லி என் கடை வாசல்லயே வந்து விக்கறான், துரோகி." பிறகு என் பக்கம் திரும்பினார். "போன தபா வெட்டினாங்களே, அத இன்னா பண்ணீங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் சொல்லல. என் ஒடம்புல இருந்ததுமா. குப்பைக்குப் போச்சா, எங்க போச்சு? இந்த தபா வீணாக்கக் கூடாது. இன்னா ஆச்சுன்னு எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லணும். அப்டின்னா கையெழுத்து."

எனக்கு சாம்பார் வடை நெஞ்சில் வந்து நின்றது. "பாய், ஒன்னு சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை வேற ஒருத்தரோடத நான் வீணாக்கிட்டேன். சாப்பிடப் போயிட்டேன்."

வத்ஸன் கண்ணை மூடிக்கொண்டார். பாய் என்னை உற்றுப் பார்த்தார்.

"செவ்வாக்கெழமை சாப்பிட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து வத்ஸன்.

திரும்பும்போது வத்ஸன் சண்டை பிடித்தார். "ரிசல்ட்டெல்லாம் பேஷன்ட்டுக்கு சொல்லக் கூடாது, தெரியுமோன்னோ?"

"ரிசல்ட் சொல்லப் போறதில்ல லா. என்ன ஆச்சுன்னு சொல்லப் போறேன்." கோபம் வந்தால் பினாங்கு 'லா' வாயில் வந்துவிடும்.

"அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"வடை அளவு வித்தியாசம்."

திங்கட்கிழமை முழுக்க ஆட்டுக்குடல் சீவினேன். பத்தில் எட்டு சரியாக வந்தது. மீதி ரெண்டைப் பற்றி வத்ஸன் "நூடுல்ஸ்" என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நாலு இட்லி, ஒரு பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போய் தியேட்டர் வாசலில் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு என்ற ஆபரேஷன் முன்னால் போன கேஸ் இழுத்ததால் பதினொன்றரைக்குத்தான் ஆரம்பித்தது. பாத்ரூமுக்குக் கூட எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ஸ்டெல்லா சிஸ்டருக்குக் காலை ஷிஃப்ட். மேஜையில் "இதை யாரும் தொடாதீங்க, தொட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். எங்கள் கரைசல் பாட்டில் தியேட்டர் ஃப்ரிட்ஜில் பத்திரமாக இருந்தது. ஒன்று நாற்பதுக்கு, துண்டு போட்ட அந்தப் பாட்டிலோடு சிஸ்டர் வெளியே வந்து, என் ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, குழந்தையைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார்.

"ஓடு. வடை கிடை எதுவும் கண்ணுல படக் கூடாது."

பாட்டிலை மூன்று உறை போட்டு மூடி, ஐஸ் பெட்டியைத் திறந்தால், காலையில் போட்ட ஐஸ் முழுக்கத் தண்ணீர். அன்றைக்குப் பார்த்து அங்கே ஐஸ் மெஷினும் படுத்துவிட்டது. வெளியே வெயில் தார் ரோட்டை உரித்துக்கொண்டிருந்தது. ஆட்டோவில் ஏறியதும் "அண்ணே, ஐஸ் எங்க கிடைக்கும்?" என்றேன்.

"ஐஸ் க்ரீமா?"

"ஐஸ். கட்டி ஐஸ்."

டிரைவர் ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பி, கடற்கரைப் பக்கமாக மீன் விற்கும் இடத்தில் நிறுத்தினார். பலகையில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் பெட்டியை நீட்டினேன். நொறுக்கின ஐஸை முறத்தால் அள்ளிப் போட்டார்.

"உள்ள இன்னா மீனு?"

"மீன் இல்லக்கா. குடல்."

"போட்டியா? அத ஏன் ஐஸ்ல வைக்கற, சவ சவன்னு பூடும். மஞ்சா போட்டுக் கழுவி உடனே வேக வச்சிடு."

"இது ஒருத்தரோட குடல்க்கா. இப்பதான் ஆபரேஷன் ஆச்சு. இத உயிரோட லேபுக்குக் கொண்டு போகணும்."

கத்தி நின்றது. அக்கா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். பிறகு இன்னும் ரெண்டு முறம் ஐஸ் போட்டு, மேலே ஈரச் சாக்கை மடித்து வைத்து அழுத்தினார். "காசு வாணாம் போ. அந்தாளு நல்லா இருக்கட்டும்."

பிறகு மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலை. மூன்று வண்டி அகலத்தில் பதினைந்து வண்டி. ரெண்டு மணி பத்து ஆகிவிட்டது. நான் மணிக்கட்டைப் பார்ப்பதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் தலையை வெளியே நீட்டி, தடுப்பைப் பிடித்து நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டார்.

"சார், கொஞ்சம் வுடு சார், ஆஸ்பத்திரி மேட்டர்."

"பேஷன்ட் எங்கய்யா?"

"பேஷன்ட் அங்கயே கீறாரு. அவரு குடல் மட்டும் இங்க கீது. ரெண்டும் உசுரோட கீது சார்."

போலீஸ்காரர் குனிந்து என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். மீன் வாடை அவர் முகத்தில் அடித்தது. சந்தேகத்தோடுதான் தடுப்பை நகர்த்தினார். ஆனால் நகர்த்தினார்.

ரெண்டு முப்பத்தைந்துக்கு ஆய்வகம். வத்ஸன் கையுறை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "என்ன இது, நொச்சிக்குப்பம் மீன் நாத்தம் அடிக்கறது? சரி, அம்பத்தஞ்சு நிமிஷம். கொடு, கொடு."

ஆட்டுக்குடல் வெண்ணெய் என்றால் பாயின் துண்டு பெல்ட். கத்தி போய்ச் சுவரில் மோதுகிற மாதிரி நின்று நின்று சீவியது. நாலைந்து தலைமுடியைச் சேர்த்து வைத்த தடிமனில் வட்ட வட்டமாக, ரோஜா நிறத்தில் விழுந்தன. பாதிக்கு எங்கள் மருந்து, பாதிக்கு இல்லை. எல்லாம் உடம்புச் சூட்டில் வைக்கிற இன்குபேட்டர் பெட்டிக்குள் போய், கதவு மூடி, ஆக்சிஜன் ஓட ஆரம்பித்ததும்தான் எனக்குப் பாத்ரூம் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை வார்டுக்குப் போன் செய்தேன். நூர்ஜஹான் அக்கா எடுத்தார். "ஆபரேஷன் நல்லா ஆச்சும்மா. காத்துதான் போகல. பக்கத்து பெட்ல இருக்கறவருக்கு போயிடுச்சு, அவங்க வீட்ல எங்கள ஒரு பார்வை பார்க்கறாங்க. உன்னோடது?"

"நாளைக்குத்தான்க்கா தெரியும்."

ஆக ரெண்டு இடத்திலும் காத்திருப்பு. அன்றைக்கு அடையாறில் தெருத் தெருவாக நடந்தேன், அம்மாவுக்கு ரெண்டு புடவை வாங்கினேன். எதுவும் மனசில் ஒட்டவில்லை. சீவியதிலேயே துண்டு செத்திருந்தால்? ஐஸ் பத்தாமல் போயிருந்தால்? பாஸிடம் என்ன சொல்வது என்பதை விட, எலாஸ்டிக் கடைக்கு என்ன சொல்வது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு விமானம். காலையில் சில வட்டங்களை எடுத்து அரைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் போட்டோம். செல்லுக்குள் சக்தி இருந்தால் ஒளி வரும், செத்திருந்தால் இருட்டு. செத்தது எப்படித் தெரியும் என்று காட்ட ஒரு செத்த துண்டு பக்கத்தில் வேண்டும். வத்ஸன் போன வெள்ளிக்கிழமையின் ஃபார்மலின் பாட்டிலை எடுத்து வைத்தார். "அதுக்கும் ஒரு வேலை இருக்கட்டுமே" என்றார். அந்த நிமிஷம் அவர் அம்மாவிடம் போய் எல்லா ஆட்டுக்குடலுக்கும் நானே பழி ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

மெஷின் முனகிக்கொண்டு எண்களைக் கொட்டியது. ஃபார்மலின் துண்டு, இருட்டு. பாயின் துண்டு, மருந்து போடாதது, ஒளி. மருந்து போட்டது, அதே ஒளி. வத்ஸன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இருக்கு" என்றார். "ரெண்டு நாளா இருக்கு."

தழும்பு குறைந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு நாளைக்கு மீதி வட்டங்களை எடுத்து உறைய வைத்து, மாதக்கணக்கில் அளக்க வேண்டும். குறைந்திருந்தாலும் ஓர் ஆளின் குடலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் எத்தனையோ பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் கேள்வி கேட்பதற்குத் துண்டு உயிரோடு இருக்கிறது.

நான் போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. நூர்ஜஹான் அக்கா.

"காத்து போயிடுச்சும்மா. காலைல ஆறு மணிக்கு. டாக்டர் இட்லி குடுக்கலாம்னுட்டாரு."

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஆய்வகத்தில் ஏழு பேர், அதில் ஐந்து பேர் பாயைப் பார்த்ததே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பக்கம் போன் கை மாறியது.

"யாரு கை தட்றது?" பாயின் குரல் மெலிந்திருந்தது.

"லேப்ல எல்லாரும் பாய்."

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"சரி. நம்ம துண்டு இன்னா ஆச்சு?"

"உயிரோட இருக்கு பாய். வீணாகல. மருந்து வேலை செய்யுதான்னு நாளைலேர்ந்து பார்ப்பாங்க."

"அதுக்கு சாப்பாடு?"

"போட்டாச்சு. சர்க்கரை, உப்பு, வைட்டமின். ஆக்சிஜன் நாள் பூரா ஓடுது. மணிக்கு ஒரு தடவை வத்ஸன் போய்ப் பார்க்கறார்."

"எனக்கு ஒரு இட்லி. அதுவும் சட்னி இல்லாம" என்றார் பாய். "என்ன வுட்டுட்டு அத நல்லா பாத்துக்கறீங்க." பிறகு அந்தப் பக்கம் யாரிடமோ, "நூரு, கேட்டியா, அது உசுரோட கீதாம்" என்று சொல்வது கேட்டது. மறுபடி என்னிடம் வந்தார்.

"சரிம்மா, வையி. இட்லி ஆறுது."